நாலாம் தலத்து முள்முருங்கை

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. ஆண்டவருக்குக் காடியைக் குடிக்கக் கொடுத்தார்கள் அல்லவா, அதற்காக. பாலும் கிடையாது, வெறும் சாயம்தான். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். அன்றைக்கு வீடு கூட்டமாட்டோம், தலை சீவமாட்டோம், எண்ணெய் காயவைத்துத் தாளிக்கமாட்டோம். ஆணி அடிக்கக் கூடாது. கத்தியை மரத்தின் மேல் வைக்கவே கூடாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பதுளையிலிருந்து வந்த இளம் சாமியார் ஒருவர் ஒரு தடவை கேட்டார். "புத்தகத்துல இல்லீங்க சாமி, எங்க மாமியா சொன்னது" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் மாமியாரை அவர் பார்த்ததில்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். அதற்குப் பிறகு கூடையைக் கட்டிக்கொண்டேன். எதையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். சிலுவைப் பாதைப் புத்தகம் மட்டும் தடங்கலில்லாமல் வரும், பாதி மனப்பாடம் என்பதால். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். கொழுந்து பறித்தபோது வலிக்காத விரல் இப்போது ஒரு பக்கத்துக்கே வலிக்கிறது. அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

முதலில் இந்தச் சிலுவைப் பாதை எங்கள் மலைக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். அம்மனைக் கும்பிட்டவர்கள் ஒரு கல்லை நட்டு மாரியம்மனை உட்காரவைத்தார்கள். வேதத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் ஒரு தகரக் கொட்டகை போட்டு மாதாவை வைத்தார்கள். பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் சாமியார் வந்தால் பூசை. வராவிட்டால் உபதேசியார் செபம் சொல்லி முடித்துவிடுவார். பெரிய வெள்ளிக்குச் சாமியாருக்கு எத்தனையோ கோயில், எங்கள் மலைக்கு எங்கே ஏறுவது? அதனால் எங்களுக்குப் பெரிய வெள்ளி என்றால் சிலுவைப் பாதைதான்.

அதைத் தொடங்கியவர் அந்தக் காலத்துப் பெரிய கங்காணி. ஆட்களை அடித்து வேலை வாங்கியவர் என்றும் சொல்வார்கள், செபமாலை சொல்லாமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவர் துரையிடம் கேட்டு, கோயிலிலிருந்து மேல் லயத்து வரிசை வீடுகள் வரை ஏறுகிற பாதையில் பதினான்கு இடங்களில் சிலுவை நட்டார். ஒவ்வொரு தலத்தையும் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தார். அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும், வெள்ளைத் துணி கட்டுவதும், மெழுகுதிரி கொளுத்துவதும் அந்தக் குடும்பத்தின் பாடு. தலைமுறைக்கும் அப்படித்தான். பெண் கொடுக்கும்போதுகூட எங்கள் ஆட்கள் "எத்தனாந் தலத்துக் குடும்பம்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது நாலாம் தலத்துக் குடும்பத்தில். ஆண்டவர் தம்முடைய தாயைப் பாதையில் சந்திக்கிற தலம் அது.

தேயிலைக்கு நிழலாக ஊன்றுவதற்கென்று வெட்டி வைத்திருந்த முள்முருங்கைக் கம்புகளில்தான் கங்காணி சிலுவைகளைச் செய்யச் சொன்னாராம். முள்முருங்கையை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும். அந்தக் கம்பு ஈரம் பட்ட இடத்தில் முளைத்துவிடும். அதனால் பட்டையைச் சீவி, தார் பூசி ஊன்றச் சொல்லியிருக்கிறார். பதிமூன்று குடும்பம் சீவியது. எங்கள் வீட்டுக்காரரின் தாத்தா சோம்பேறி. மேலே கொஞ்சம் சீவி, தாரையும் அங்கேயே பூசிவிட்டு, அடியை அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிட்டார். எங்கள் தலம் இருந்தது பீலிக்குப் பக்கத்தில். மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடத்தைத்தான் பீலி என்போம். லயத்துப் பெண்கள் குளிப்பதும் குடம் நிறைப்பதும் அங்கேதான். அந்த ஈரத்தில் சிலுவை தளிர்த்துவிட்டது. மற்ற சிலுவைகள் மக்கிப்போய் அவற்றைச் சவுக்குக் கட்டையில் திரும்பச் செய்தார்கள். எங்களுடையது மரமாகிவிட்டது. குறுக்குக் கட்டை எப்போதோ விழுந்துபோனது. ஆனாலும் இரண்டு பக்கமும் இரண்டு கிளை கையை நீட்டினமாதிரி வந்தது.

"மனசுக்குப் புடிச்சிட்டா முருங்கையும் சிலுவையாத்தான் தெரியும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் பீலிக்கு வருகிற பிள்ளைகள் அந்தக் கிளையில் தொங்கினால் முதலில் கத்துகிறவரும் அவர்தான்.

தவக்காலத்தில் அந்த மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். கிளி வந்து கொத்திக் கொத்திப் பூவைக் கீழே போடும். பெரிய வெள்ளிக்கு நாங்கள் தனியாகப் பூப் பறித்துப் போட்டதில்லை.

சிலுவையைச் சுமப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கழித்துப்போட்ட உத்திரத்தில் செய்த பெரிய மரச்சிலுவை ஒன்று கோயிலில் உண்டு. ஒவ்வொரு குடும்பத்து ஆணும் முந்தின தலத்தில் அதை வாங்கித் தன் தலம் வரை சுமந்துவருவான். அங்கே அடுத்த குடும்பத்து ஆண் வாங்கிக்கொள்வான். அன்றைக்கு மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே போவார்கள். எங்கள் தலத்துக்கு மட்டும் இன்னொரு முறையும் உண்டு. குடும்பத்துத் தாய் காலையிலிருந்தே அந்த இடத்தில் போய் நிற்கவேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து நடந்து வரக்கூடாது. சிலுவையோடு வருகிறவன் அவள் முன்னால் நிற்பான். அவள் சிலுவையின் மேல் கையை வைத்து அவன் முகத்தைப் பார்ப்பாள். பேசக்கூடாது, அழவும் கூடாது. பாட்டுப் படிக்கிறவர்கள் படித்து முடிக்கும் வரை அப்படியே நிற்கவேண்டும்.

என் மாமியார் நின்றபோது என் வீட்டுக்காரர் சுமந்து வந்தார். மாமியாருக்குப் பிறகு நான் நின்றேன், என் மகன் சுமந்து வந்தான். அப்போதுதான் அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. முதல் வருஷம் தோளுக்குத் துண்டு வைத்துக்கொள்ள மறந்துவிட்டான். என் முன்னால் வந்து நின்றபோது சட்டை கிழிந்து தோள் உரிந்திருந்தது. வாயைத் திறக்கக்கூடாதே! கண்ணாலேயே திட்டினேன். அவனும் கண்ணாலேயே சிரித்தான். அந்த ஒரு பார்வைக்காக நான் வருஷம் முழுவதும் காத்திருப்பேன். வீட்டில் அவனும் நானும் அப்படிப் பார்த்துக்கொண்டதே இல்லை. வீட்டில் பேச்செல்லாம் "சோறு இருக்கா", "எங்கடா சுத்திட்டு வர்ற" என்பதோடு சரி.

பிறகு அவன் அரபு நாட்டுக்கு வண்டி ஓட்டப் போனான். கலியாணம் ஆகி, மருமகளும் பிள்ளைகளும் கொழும்புப் பக்கம் இருக்கிறார்கள். லீவு கிடைத்தால் நத்தாருக்கு, ஆண்டவர் பிறந்த நாளுக்கு, வருவான். பெரிய வெள்ளிக்கு ஒரு தடவையும் வாய்க்கவில்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சிலுவையைச் சுமக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

ஐந்தாம் தலத்துக் குடும்பம் யாரென்றால், என் சொந்த நாத்தனார் வீடுதான். சீமோன் என்கிறவர் ஆண்டவருக்குச் சிலுவை சுமக்க உதவி செய்தது ஐந்தாம் தலத்தில். நாத்தனார் மகன் நல்ல பலசாலி, வாயில்லாப் பூச்சி. எங்கள் வீட்டு ஆணுக்குப் பதிலாக அவனே மூன்றாம் தலத்தில் சிலுவையை வாங்கி என்னிடம் சுமந்து வந்து, அப்படியே தங்கள் தலத்துக்கும் கொண்டுபோவான். ஒவ்வொரு வருஷமும் கஞ்சி குடிக்க உட்காரும்போது நாத்தனார் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொல்லுவாள்:

"என்னா மதினி, எங்க வீட்டுக்கு அஞ்சாந் தலம் மட்டுந்தான்னு நெனச்சேன். நாலாந் தலமும் எங்க தோள்லதானா?"

"ஒரு வருசந்தானே" என்பேன்.

"ஒரு வருசமா! பரவால்ல, நாங்க சீமோன் குடும்பம். ஒதவி செய்யவே பொறந்தவங்க."

"சீமோன் தானா வரல புள்ள. புடிச்சு இழுத்துத்தான் தூக்க வச்சாங்க. வேதத்த ஒழுங்காப் படி."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் நாத்தனார் மகன் என் முன்னால் சிலுவையோடு நிற்கும்போது நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவனுக்கும் அது தெரியும், பாவம். அவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில், நாங்கள் குடியிருந்த மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மனும் மாதாவும் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இனிமேல் இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அப்புறம் கீழே ரோட்டோரம் புது வீடு கொடுத்தார்கள். தனி வீடு, தனிக் குழாய். காம்பராவில் ஒரே அறையில் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்றவளுக்கு இது அரண்மனைதான். குறை சொன்னால் வாய் அழுகும்.

சிலுவைப் பாதையும் எங்களோடு கீழே இறங்கியது. கோயிலிலிருந்து மேலே ஏறுவதை விட்டுவிட்டு, ரோட்டு வழியாகப் புது வீடுகள் வரை போகிறமாதிரி உபதேசியார் மாற்றினார். சவுக்குச் சிலுவைகளைப் பிடுங்கிக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எடுத்து வைப்பார்கள், முடிந்ததும் உள்ளே போய்விடும். எங்களுடையதை எப்படிப் பிடுங்குவது? அதன் வேர் பீலி வரைக்கும் போயிருந்தது. "ஒங்களுக்குப் புதுசா ஒன்னு செஞ்சு தாரோம்மா" என்று உபதேசியார் சொன்னார். செய்தும் தந்தார். பெயின்ட் வாளியில் சீமெந்து கொட்டி நடுவில் இரும்புக் குழாய்ச் சிலுவை. அதுவும் பெரிய வெள்ளிக்கு மட்டும்தான் வெளியே வரும். எங்கள் நாலாம் தலம் இப்போது ரோட்டுத் திருப்பத்துக் கடை முன்னால் இருக்கிறது. தலைக்கு மேலே போன் கார்டு விளம்பரம். கடைக்காரர் நல்ல மனுசன், அன்றைக்குக் கடையைப் பாதி சாத்திவிடுவார்.

அந்த இரும்பில் கையை வைத்தால் வெயில் அடிக்கிற வருஷம் சுடும், மழை பெய்கிற வருஷம் குளிரும். மேலே அந்த மரம் பூத்திருக்குமா, கிளி வந்திருக்குமா என்றுதான் என் நினைப்பு ஓடும். முழங்கால் வலிக்கு அங்கே ஏறிப் பார்க்கவும் முடியவில்லை. ஏறவேண்டிய காரியமும் இல்லை. தேயிலையும் கைவிட்டுப்போய் மானாப்புல் மூடிவிட்டது என்று சொன்னார்கள்.

இந்த வருஷம் மகனுக்குத் தவக்காலத்தில் லீவு விழுந்தது. குருத்தோலை ஞாயிறு அன்றைக்குப் போன் எடுத்தான்.

"அம்மா, பெரிய வெள்ளிக்கு வாரேன். சிலுவ நான்தான் தூக்குவேன், சொல்லி வைங்க."

"தூக்குவியா? வயசாயிருச்சேடா ஒனக்கு."

"ஒங்களுக்கு விடவா? இந்தத் தடவ துண்டு மறக்க மாட்டேன்."

துண்டு ஞாபகம் இருக்கிறது அவனுக்கு. நான் போனை வைத்துவிட்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

"இந்த வருசம் எம் மகன் தூக்குவான். ஒங்க ஆளு அஞ்சாந் தலத்த மட்டும் பார்த்துக்கிட்டாப் போதும்" என்றேன்.

"வரட்டும் வரட்டும். வந்தப் பொறகு சொல்லுங்க மதினி" என்றாள்.

"வந்துட்டான்னு வச்சுக்க."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமையே கடை முன்னால் கூட்டி, கழுவி, இரும்புச் சிலுவைக்கு என் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டியைச் சுற்றி வைத்தேன். அன்று பின்னேரம் மகன் மறுபடி போன் எடுத்தான். கொழும்பில் ரயில் ஏறப் போவதாகவும், விடிய பதுளையில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவதாகவும் சொன்னான். சிலுவை எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டான். சொன்னேன். பாதை மாறினதை மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வருஷா வருஷம் அந்த வளைவில் நிற்கிறவளுக்கு, அங்கே நிற்பது அவனுக்குத் தெரியாது என்று எப்படித் தோன்றும்? அவன் நத்தாருக்கு வரும்போதெல்லாம் கடை முன்னால் சிலுவையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. அதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சாயத்தைக் குடித்துவிட்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெள்ளைச் சீலையில் போய் நின்றேன். அன்றைக்கு நாங்கள் யாரும் போன் கொண்டுபோவதில்லை. கோயில் பக்கம் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. முதலாம் தலம். ரயில் பிந்தியிருக்கும், பிந்தாத ரயில் எது? கோயிலுக்கே நேராக வந்திருப்பான். இரண்டாம் தலம். தாய் இடத்தை விட்டு அசையக்கூடாது. அசைந்திருந்தால் அவன் வந்தானா இல்லையா என்று பார்த்திருப்பேன். மூன்றாம் தலம் வளைவுக்கு அந்தப் பக்கம். பாட்டு அங்கே நின்றது. நிற்கிறது என்றால் சிலுவையைக் கை மாற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

வளைவில் சிலுவை தெரிந்தது. தூக்குகிறவனுடைய சட்டை வெள்ளை. தோளில் துண்டு மடித்துப் போட்டிருந்தது. எனக்கு ஒரு கண்ணில் புரை. நல்ல கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் இரண்டும் ஒன்றுதான். துண்டை மறக்கவில்லை அவன். நிமிர்ந்து நின்றுகொண்டேன். இத்தனை வருஷமாகக் குனிந்த தலையை நிமிர்த்திக்கொண்டு, வருகிறவன் முகத்தைப் பார்க்கத் தயாராக நின்றேன்.

கிட்டே வந்தபோது நாத்தனார் மகன்.

நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவனும் தலையைக் குனிய மறந்துவிட்டான். "அத்தை" என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் சிலுவையில் கையை வைத்தேன். வழக்கப்படி அழவில்லை. பாட்டு நீளமான பாட்டு. அன்றைக்கு யாரோ அதை இன்னும் நீட்டிவிட்டதுபோல இருந்தது.

பதினாலாம் தலம் வரை கூட நடந்தேன். கஞ்சிக்கு உட்கார்ந்தோம். பெரிய வெள்ளிக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுப்பது எங்கள் தோட்டத்தில் அம்மன் கோயில்காரர்கள்தான். நாங்கள் பட்டினியாக நடக்கிறோமே என்று எந்தக் காலத்திலோ தொடங்கியது. பதிலுக்கு அவர்கள் காமன் கூத்துக்கு எங்கள் பையன்கள் பந்தல் போடுவார்கள். எங்கள் தவக்காலத்தில்தான் அவர்களுக்குக் காமன் கூத்து வரும். ஒரு பக்கம் தப்புச் சத்தம், ஒரு பக்கம் நாங்கள் முழங்காலில். ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டதில்லை. கஞ்சியோடு தேங்காய்த் துவையலும் தருவார்கள்.

நாத்தனார் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். சீமோனைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் துவையலை எடுத்து என் கோப்பையில் வைத்தாள். அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மேல் லயத்திலும் எனக்குப் பக்கத்துக் காம்பரா அவள்தான். மாடு வைத்திருக்கிறாள், அம்மனைக் கும்பிடுகிறவள். தலையில் புல்லுக்கட்டும் இடுப்பில் அரிவாளுமாக மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, ஒங்க மகன் இங்க வரலியா?"

"பார்த்தாத் தெரியலியா?" என்றேன்.

"அப்ப அது ஒங்க மகன்தான். மேல பழைய பீலிக்கிட்ட ஒருத்தர் நிக்கிறாரு. பேண்டு சட்ட, கால்ல சப்பாத்து. புல்லப் புடுங்கிக்கிட்டு இருக்காரு. மாட்டுக்குன்னு நெனச்சேன், அந்தப் பக்கம் யாரு மாடு வச்சிருக்கா? திருட்டுப்பயன்னு பயந்து ஓடியாந்துட்டேன். பாதியிலதான் அந்த நடை ஞாபகம் வந்திச்சு. ஒங்க வீட்டுக்காரரு நடையில்ல அது!"

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். நாத்தனார் மகன் "நான் போயி கூட்டியாறேன் அத்தை" என்றான். "நீ இரு" என்றேன். நாலாம் தலத்துக்குத் தாய்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு, அரிவாளை இடுப்பில் சொருகினபடியே, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கூடையோடு ஏறி இறங்கிய பாதைதான். இப்போது ஐந்து எட்டுக்கு ஒரு தரம் நின்றேன். காம்பராக்களுக்குக் கூரை இல்லை. என் அடுப்படிச் சுவரில் கரி இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன், அவள்தான் "பொறகு பார்த்துக்கலாம் அக்கா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

முள்முருங்கை நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பூ முடிகிற நேரம், கீழே கொஞ்சம் சிவப்பாகக் கிடந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் பிடுங்கியிருந்தது. அடிமரத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டி, கல்லின் மேல் மெழுகுதிரி ஒன்று கொளுத்தியிருந்தது. அது முக்கால்வாசி கரைந்துவிட்டது. என் மகன் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் தலத்துப் பாதையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நாங்கள் வந்தது மற்றப் பக்கம்.

"என்னடா இங்க நிக்கிற?" என்றேன்.

திரும்பினான். "எங்கம்மா எல்லாரும்? ரயில் லேட்டு. தோட்டத்து பஸ்ஸும் இல்ல. மேல் ரோட்டுல எறங்கி குறுக்கால வந்தேன், எப்பிடியும் இங்க வரத்தானே வேணும்னு. பாட்டுச் சத்தம் கேட்டிச்சு. கீழேயே சுத்திக்கிட்டு இருக்கு. ஏறி வருவீங்கன்னு நிக்கிறேன்."

"போன் எடுக்க வேண்டியதுதானே?"

"இங்க எங்க சிக்னல்? எடுத்தாலும் நீங்க இன்னைக்குப் போன் தொடுவீங்களா?"

"பாதை மாறி எவ்வளவு காலமாச்சு. இப்ப கடைக்கிட்ட நம்ம தலம்."

அவன் மரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "கடைக்கிட்டயா? மரம் இங்க இருக்கேம்மா" என்றான்.

நான் போய் நிற்கவேண்டிய இடத்தில் நின்றேன். கால் தானாகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. கையை மரத்தில் வைத்தேன், பட்டை முள்ளோடு. அவன் முகத்தைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. நத்தாருக்கு வரும்போது இது தெரிந்ததில்லை, அல்லது சாயம் பூசிக்கொண்டு வந்திருப்பான். முகமெல்லாம் வேர்வையும் மண்ணும். சீலைத் தலைப்பு என் கைக்கு வந்துவிட்டது. முகம் துடைக்கிறது ஆறாம் தலம், அது கீழ் லயத்துக் குடும்பத்தின் வேலை. மாமியார் இருந்திருந்தால் என் கையைத் தட்டியிருப்பாள். தலைப்பை விட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கிவிட்டது, கண்ணாலேயே சிரித்தான். அந்தச் சிரிப்பு நரைக்கவில்லை.

பிறகு கிளைகளை அண்ணாந்து பார்த்து, "சும்மா போக ஏலாதும்மா. தூக்குறேன்னு சொல்லிட்டேன். இதுல ஒரு கம்பு வெட்டிக் கொண்டுபோயி புது வீட்டுக்கிட்ட ஊன்றுவோமா? முளைக்குந்தானே?" என்றான்.

"பெரிய வெள்ளிக்கு மரத்துல கத்தி வைக்கக்கூடாது."

"நாளைக்கு வெட்டுவோமா?"

"நாளைக்கு யாருக்கு நீ தூக்கிக் காட்டப்போற?"

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தாள்.

"ஒங்களுக்குத்தான் பெரிய வெள்ளி. எனக்கு வெள்ளி மட்டுந்தான். தள்ளுங்க அக்கா" என்றாள்.

சிலுவையின் கைபோல நீண்டிருந்த கிளையை அவள் தொடவில்லை. அதற்கு மேலே நேராகப் போன இன்னொன்றைக் காட்டி, "இது போதுமா?" என்று கேட்டு வெட்டினாள். அது நல்ல கனமான கம்பு. புல் அறுக்கிற அரிவாள், வெட்டி முடிப்பதற்குள் அவள் கை சிவந்துவிட்டது. மகன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கம்பைத் தூக்கி வைத்தான்.

இறங்கி வந்தோம். முன்னால் அவன், பின்னால் நான், என் கையைப் பிடித்தபடி அவள். ஆட்கள் கஞ்சி குடித்துவிட்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் தன் வீட்டு முன்னால் நின்றாள்.

"அடேய் மருமகனே! சிலுவப் பாதை காலையிலயே முடிஞ்சிருச்சு!"

"நாலாந் தலம் இப்பத்தான் நடக்குது" என்று நான் சொன்னேன்.

அவள் என்ன பதில் வைத்திருந்தாளோ தெரியாது. அதற்குள் அவள் மகன் வாசலிலிருந்து இறங்கி வந்துவிட்டான். "குடு மச்சான்" என்று ஒரு வார்த்தைதான். கம்பின் பின்பக்கத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீமோன் குடும்பம் சும்மா இருக்குமா? முன்னால் என் மகன், பின்னால் அவன். அந்தக் கம்புக்கு இரண்டு ஆள் தேவையே இல்லை. காலையில் தண்ணீர் நிறைந்த கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நாத்தனார் மகன் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அதுவும் என் வீட்டுக்காரர் சாயல்தான். இத்தனை வருஷமாக அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மூன்று மணி ஆராதனைக்குப் பிறகு, குழாய்த் தண்ணீர் ஒழுகுகிற இடமாகப் பார்த்து மகன் கையாலேயே குழி பறித்தான். பட்டையைச் சீவவில்லை. சோம்பேறித் தாத்தாவின் கொள்ளுப்பேரன் அல்லவா! உயிர்த்த ஞாயிறு அன்றைக்குச் சோறும் கோழிக்கறியும் சாப்பிட்டோம், சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தோம். அடுத்த நாள் பிள்ளைகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனான். அங்கிருந்து அப்படியே அரபு நாட்டுக்கு.

அடுத்த பெரிய வெள்ளிக்கு லீவு கிடைக்குமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கேட்பதில்லை. விடியற்காலையில் எழுந்ததும் வெளியே போய் அந்தக் கம்பைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்ன அக்கா, பேச்சு வருதா அதுக்கு?" என்று கேட்பாள்.

மகன் போன் எடுக்கும்போது முதல் கேள்வி இப்போது என் முழங்காலைப் பற்றி இல்லை.

"தளிர் வந்துச்சாம்மா?"

"வந்து பார்த்துக்க" என்பேன்.